கடையின் வலைத்தளம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

செக்காலை நிரலர் எழுதியது:

கடைக்காரருக்கு வலைத்தளம் செய்துகொடுக்கிறவர், மூன்று விஷயங்களை அவர் கையில் ஒப்படைக்காமல் கடைசித் தவணைப் பணத்தை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. முதலாவது, டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, அவருடைய பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டாவது, படங்கள், எழுத்து, விலைப்பட்டியல் எல்லாம் அடங்கிய முழுப் பிரதி அவரிடம் இருக்க வேண்டும். மூன்றாவது, எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களும். காரைக்குடி வட்டாரத்தில் இது நடப்பதில்லை. தளம் செய்த பையன் பெயரில் டொமைன், அவன் அட்டையில் வருடக் கட்டணம், அவன் கைபேசிக்கு ஓடிபி. அவன் சென்னைக்கோ துபாய்க்கோ போய்விட்டால் கடையின் பெயரும் கூடவே போய்விடுகிறது.

பெரிய நிறுவனங்களும் இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்கின்றன. கூகுளின் வணிகப் பக்கத்தோடு இலவசமாக ஒரு தளம் கிடைத்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் விடுதி, கேட்டரிங், டைல்ஸ் பட்டறை என்று பலர் அதைத்தான் வைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். அந்த முகவரியை அச்சடித்த விசிட்டிங் கார்டுகள் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. அதற்கு முன்னால் 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்குக்குத் தடை வந்தது. அதில் சமையல் வீடியோ போட்டு வாடிக்கை பிடித்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போயிற்று. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. வாடிக்கையாளர் பட்டியல் அவர்கள் கையில் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இணையம் இப்படித் தொடங்கவில்லை. 1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடம், வலைக்கான மென்பொருளை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால்தான் கண்டனூரில் உட்கார்ந்து யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பக்கத்தை உலகத்துக்குக் காட்ட முடிகிறது. இத்தனை பெரிய உரிமையை வைத்துக்கொண்டு நாம் ஏன் அடுத்தவர் திண்ணையிலேயே கடை விரிக்கிறோம்?

பதில் தெரிந்தவர்கள், மறுப்பவர்கள் எழுதுங்கள்.

---

புதுவயல் மில் எழுதியது:

தம்பி, நான் அரிசி வியாபாரி. வலைத்தளம் வைத்திருந்தேன், விட்டுவிட்டேன். வருடா வருடம் கட்டணம், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி, அது வேலை செய்யவில்லை இது வேலை செய்யவில்லை என்று தலைவலி. இப்போது வாட்ஸப்பில் அரிசி ரகம், மூட்டை விலை போடுகிறேன். காலையில் போட்டால் மதியத்துக்குள் ஆர்டர் வருகிறது. பணம் யுபிஐயில் வந்துவிடுகிறது.

//அடுத்தவர் திண்ணையிலேயே கடை விரிக்கிறோம்//

சந்தை நாளில் எல்லாரும் அடுத்தவர் இடத்தில்தான் விரிக்கிறோம். கூட்டம் அங்கேதானே இருக்கிறது? என் டொமைன் பெயரைத் தட்டி வந்து அரிசி கேட்டவர் இதுவரை யாரும் இல்லை.

---

செக்காலை நிரலர் எழுதியது:

அண்ணே, வாட்ஸப்பை விடச் சொல்லவில்லை. நானும் ஆர்டருக்கு அதைத்தான் வைத்துக் கொடுக்கிறேன். ஆனால் 2021 அக்டோபர் 4 ராத்திரி நினைவிருக்கிறதா? நம் நேரம் ஒன்பது மணிக்கு மேல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் ஒன்றாகப் படுத்து ஆறு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவர்கள் தங்கள் நெட்வொர்க்கில் செய்த ஒரு மாற்றம், அவர்களுடைய முகவரிகளையே இணையத்திலிருந்து மறைத்துவிட்டது. நமக்கு ராத்திரி என்பதால் தப்பித்தோம். காலை பத்து மணிக்கு நடந்திருந்தால் உங்கள் மில்லில் அன்றைக்கு எத்தனை லோடு நின்றிருக்கும்?

ஒன்றே ஒன்று செய்யுங்கள். வாடிக்கையாளர் பெயர், எண், வழக்கமாக வாங்கும் ரகம் இவற்றை ஒரு எக்செல் கோப்பிலோ நோட்டிலோ எழுதி வையுங்கள். தளம் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, அந்தப் பட்டியல் உங்களிடம் இருந்தால் போதும்.

---

பேரேடு எழுதியது:

நான் கணக்குப்பிள்ளை குடும்பம். எழுபதைத் தாண்டியவன். கணினி பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பேச்சு எனக்குப் பழைய பேச்சாகத் தெரிகிறது.

பர்மாவில் கடை வைத்த காலத்தில் முதலாளி இங்கே இருப்பார், ஏஜெண்டு அங்கே போவார். மூன்று வருடக் கணக்கு. அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். அங்கே எழுதும் கணக்கின் நகல் ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். ஏஜெண்டு மாறினாலும் கணக்கு மாறாது, பேரேடு முதலாளியுடையது. தம்பி சொல்லும் 'முழுப் பிரதி' எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது நடந்தே இந்தியாவுக்கு வந்தவர்கள் உண்டு. கணக்குப் புத்தகம் பத்திரமாக இருந்தது, சொத்து அங்கே நின்றுபோயிற்று. யுத்தம் முடிந்தும் முழுதாக மீளவில்லை. 1960களில் பர்மா அரசு எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கியதோடு கதை முடிந்தது. எனவே பிரதி இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சொத்து எந்த மண்ணில், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. பர்மாக் கதையை நாம் எப்போதும் இழந்தவர் பக்கத்திலிருந்தே சொல்கிறோம். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930 வாக்கில், அங்கே கடன் கொடுத்துவந்த நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1930களின் முடிவுக்குள் அது 25 சதவீதம் ஆயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர்களிடம் போயிற்று. கடன் கொடுத்தவர்களுக்கும் நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் உழுதவர் குத்தகைக்காரர் ஆனார்.

இதை இன்றைய இணையத்தில் பொருத்தினால், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர் அந்தக் கதையில் முதலாளி இல்லை. அந்தப் பர்மா விவசாயிதான் அவர். பேஸ்புக் பக்கத்தை வளர்த்தவர் அவர், பின்தொடர்பவர்களைச் சேர்த்தவர் அவர். இப்போது அதே ஆட்களுக்குத் தன் பதிவைக் காட்ட விளம்பரக் காசு கட்டுகிறார். தன் நிலத்துக்கே குத்தகை. கடையை அடுத்தவர் இடத்தில் விரிப்பதில் தப்பில்லை என்று புதுவயல் அண்ணன் சொன்னார். சந்தையில் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். இங்கே வாடகை எப்போது ஏறும், எதற்கு ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

---

பேரேடு எழுதியது:

நியாயமான மறுப்பு. ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

---

கண்டனூர் அக்கா எழுதியது:

வேலை பற்றியும் யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன்.

2020இல் ஊருக்கு வந்தவள், திரும்பப் போகவில்லை. வலைத்தளங்களுக்கு முன்பக்க வேலை, அதாவது பார்ப்பவர் கண்ணில் படும் பகுதியைச் செய்கிறேன். குழந்தை பிறந்த பிறகு சென்னையில் வேலையைத் தொடர முடியாது என்றிருந்த எனக்கு, இந்த ஏற்பாடு இல்லையென்றால் தொழிலே போயிருக்கும். அதனால் வீட்டிலிருந்து வேலை என்பதை யாராவது சோம்பேறித்தனம் என்றால் எனக்குக் கோபம் வரும்.

அதே சமயம், கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்களுடையது பழைய வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அப்புறம் அடுப்படி. சுவர் ஒவ்வொன்றும் அத்தனை தடிமன். முகப்பில் ரூட்டரை வைத்தால் வளவைத் தாண்டி வைஃபை வராது. சிக்னலைப் பெருக்கும் பெட்டி வாங்கிப் பார்த்தோம், அரை வேகம்தான். கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து வளவின் ஓரமாக, நிலையைத் துளைக்காமல், மழைநீர்க் குழாய் பக்கத்திலேயே நெட்வொர்க் கேபிள் இழுத்தார். இரண்டாம் கட்டில் இன்னொரு வைஃபை பெட்டி. இப்போது எந்தத் தடையும் இல்லை. பழைய வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன், காசை வேறு எதிலும் போடாதீர்கள், கேபிளில் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு இன்வெர்ட்டர் இருந்தாலும், தெருவில் இருக்கும் இணையப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். அன்றைக்குக் கைபேசி டேட்டாதான்.

மற்றது நேரம். எனக்கு வேலை தருகிறவர்கள் இருப்பது கலிபோர்னியாவில். அங்கே காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் இரவு ஒன்பதரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் இரவு பத்தரை. அங்கே ஒருவர் காபியோடு உட்காரும்போது இங்கே நான் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். அந்த ஒரு மணி நேர மாற்றம் அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷயம். எனக்கு நான்கு மாதத் தூக்கம். கூட்டத்தை வாரம் ஒரு முறை நம் நேரத்துக்கு வையுங்கள் என்று கேட்டேன். யாரும் அதுவரை கேட்டதில்லையாம், உடனே மாற்றினார்கள். கேளுங்கள். கேட்காமல் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

ஓஎம்ஆர் வாசி எழுதியது:

நானும் காரைக்குடிதான். அழகப்பா பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, பல்லவன் ரயிலில் சென்னைக்கு ஏறியவன். சிறு கடைகளின் தளம் பற்றிப் பேசுவது எளிது. பெரிய இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

வலைப்பக்கங்கள் கனமாக இருப்பதற்கு நிரலர்கள் மட்டும் காரணமில்லை. சந்தைப்படுத்தல் குழு ஒரு கண்காணிப்பு நிரலைச் சேர்க்கச் சொல்லும். விளம்பரக் குழு இரண்டு சேர்க்கும். உதவி அரட்டைப் பெட்டி ஒன்று. ஒவ்வொன்றையும் சேர்க்க ஒருவர் இருக்கிறார், எடுக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு சராசரிப் பக்கம் இன்றைக்கு 2 எம்.பி.யைத் தாண்டிவிட்டது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் 'ரியாக்ட் தெரியுமா' என்பதுதான் முதல் கேள்வி. அது வலைப்பக்கம் கட்ட உதவும் ஒரு ஆயத்த நிரல்தொகுப்பு. வலைப்பக்கத்தின் அடிப்படை மொழியான எச்.டி.எம்.எல். நன்றாகத் தெரியும் என்று சொல்கிற பையனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொடக்கச் சம்பளமோ பத்து வருடத்துக்கு மேலாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. வேலையை விடுவதற்கு 90 நாள் நோட்டீஸ். 2025இல் டிசிஎஸ் இரண்டு சதவீத ஆட்களை, ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போகிறவர்களில் பலர் நடுவயது, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். இந்த நிலையில் இருப்பவரிடம் போய் 'கனமான பக்கம் செய்ய மாட்டேன் என்று சொல்லு' என்றால் எப்படிச் சொல்வார்?

---

செக்காலை நிரலர் எழுதியது:

//எப்படிச் சொல்வார்?//

சொல்ல முடியாதுதான். அவரை நான் குறை சொல்லவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற நம்மைப் போன்ற சின்ன ஆட்கள், கடைக்காரர் நேரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போதும் அதையே செய்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

பலகாரக் கடை ஒன்றுக்குச் செய்ததைச் சொல்கிறேன். மணகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, அதிரசம் என்று பட்டியல். அவர் கைபேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்.பி. அகலத்தை 800 புள்ளியாகக் குறைத்து கனம் குறைந்த வெப்பி (WebP) பட வடிவத்துக்கு மாற்றினால் படம் 60 கே.பி.க்குள் அடங்கிவிடுகிறது. முறுக்கின் முள் தெளிவாகத் தெரிகிறது, அது போதும். எழுத்துருவைத் தனியாக இறக்கவில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒரு வரிகூட இல்லை. ஆர்டர் பொத்தானை அழுத்தினால் வாட்ஸப் திறக்கும், அது வெறும் ஒரு இணைப்பு. மொத்தப் பக்கமும் சராசரிப் பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கிராமத்தில் ஒரு கோடு சிக்னலிலும் திறக்கிறது.

தமிழ் எழுத்து கனம் என்று ஒரு பேச்சு உண்டு. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'காரைக்குடி' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்து குறியீடு, 30 பைட். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, ஒரு விளம்பர நிரலின் ஓரத்துக்குக் காணாது. ஆனால் படிவம் செய்யும்போது இது முக்கியம். பெயருக்கு 15 இடம் என்று ஆங்கிலக் கணக்கில் வைத்துவிட்டால், நீளமான தமிழ்ப் பெயர் பாதி எழுத்தில் வெட்டப்பட்டுப் புள்ளியில்லாமல் நிற்கும். தன் பெயரைத் தப்பாகக் காட்டும் படிவத்தில் யார் பணம் கட்டுவார்?

அடுத்தவர் நிரலைக் கொண்டுவந்து கொட்டுவதில் ஆபத்தும் இருக்கிறது. 2016 மார்ச்சில் ஒருவர் தான் எழுதிய 11 வரி நிரலைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். எழுத்தின் இடப்பக்கத்தில் இடைவெளி சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. உலகம் முழுக்க அதை நம்பியிருந்த பெரிய பெரிய திட்டங்கள் நின்றுபோயின. 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் மோசம். லினக்ஸ் கணினிகளில் கோப்பைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளைச் சம்பளமில்லாமல் பராமரித்தவர் ஒருவர், களைத்துப்போய் உதவிக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டார். அந்த உதவியாளர் காத்திருந்து ஒரு திருட்டு வாசலைத் திறந்து வைத்தார். ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால்தான் அது வெளியே வந்தது. கோடிக்கணக்கான கணினிகள் நம்பியிருந்த ஒரு வேலைக்குக் கூலி கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வேலை வாழ்க்கை பற்றிப் பேசும்போது எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

---

கணினி வாத்தியார் எழுதியது:

எங்கள் பள்ளி ஆய்வகக் கணினிகள் விண்டோஸ் 10இல் இருந்தன. 2025 அக்டோபர் 14 உடன் மைக்ரோசாப்ட் அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் எங்கள் கணினிகளுக்கு அது ஏறாது. நன்றாக ஓடும் பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். நாங்கள் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டோம். 4 ஜி.பி. நினைவகத்தில் பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகுகிறார்கள், பைத்தான் எழுதுகிறார்கள். எந்தப் பிள்ளையும் 'இது விண்டோஸ் இல்லையே' என்று கேட்கவில்லை. பெற்றோர்தான் கேட்டார்கள்.

இன்னொரு ஆதங்கம். 1948இல் இந்த ஊரில் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இன்றைக்குத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் நடக்கிறது, பிள்ளைகள் சொந்த ஊரிலிருந்து வேலைக்குப் போகிறார்கள். கல்லூரியும் ஆய்வகமும் இருக்கிற காரைக்குடியில் ஏன் இன்னும் அப்படி வரவில்லை? ஓஎம்ஆர் வாசி போல ஒவ்வொரு வருடமும் என் மாணவர்களை ரயிலேற்றி விட்டுக்கொண்டிருக்கிறேன்.

---

ஓஎம்ஆர் வாசி எழுதியது:

சார், கூப்பிட்டால் நாளைக்கே வந்துவிடுவேன். கண்டனூர் அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து மேலாளரிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

---

ஆத்தங்குடிக் கல் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். என் கதைதான் முதல் பதிவில் இருக்கிறது போல. எங்களுடையது கைக்கல் பட்டறை. கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்போம். அந்தக் கண்ணாடிதான் கல்லுக்குப் பளபளப்பு. வெளியூர்க்காரர்கள் தளத்தில் டிசைனைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள், எனவே தளம் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

தளம் செய்த பையன் இப்போது போனை எடுப்பதில்லை. புது டிசைன் ஏற்ற முடியவில்லை. அடுத்த மாதம் டொமைன் காலாவதி ஆகிறது என்று மின்னஞ்சல் வந்தது. என்ன செய்வது?

---

செக்காலை நிரலர் எழுதியது:

அண்ணே, பதறாதீர்கள். அந்த எச்சரிக்கை மின்னஞ்சல் எந்த முகவரிக்கு வந்தது என்று பாருங்கள். உங்கள் முகவரிக்கு என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பதிவுதாரராக உங்கள் மின்னஞ்சல் இருக்க வாய்ப்பு அதிகம். பதிவு நிறுவனத்தின் தளத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' கொடுத்து உள்ளே போகலாம். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு ஒரு வருடத்துக்குப் புதுப்பியுங்கள். காலாவதி நெருங்கும்போது வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றும் வேலையில் இறங்க வேண்டாம். புதுப்பித்த பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரு மாற்றுக் குறியீடு கொடுப்பார்கள், அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பையன் முகவரிக்கு வந்து, அவர் உங்களுக்கு அனுப்பியது என்றால் வேறு வழி. பணம் கட்டிய ரசீது, ஜிஎஸ்டி சான்று, கடைப் பெயர் உள்ள பில் இவற்றோடு பதிவு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். நேரம் ஆகும். அவருக்கும் ஒரு தடவை மரியாதையாக எழுதிக் கேளுங்கள். பல பேர் வேலைப் பளுவில் எடுக்காமல் இருப்பார்கள், கெட்ட எண்ணம் இருக்காது.

டிசைன் படங்களை இன்றைக்கே தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் பக்கத்தைத் திறந்து படத்தின் மேல் வலது சொடுக்கு, சேமி. ஒவ்வொன்றாகச் செய்தாலும் சரி.

---

ஆத்தங்குடிக் கல் எழுதியது:

என் ஜிமெயிலுக்குத்தான் வந்திருக்கிறது. மகளை வைத்து உள்ளே போய்விட்டோம், கடவுச்சொல் மாற்றியாயிற்று. பதிவு என் பெயரில்தான் இருக்கிறது, தொலைபேசி எண் மட்டும் பையனுடையது. படங்களை மகள் இறக்கிக்கொண்டிருக்கிறாள். புதுப்பிக்கும் இடத்தில் டொமைனோடு இன்னும் நான்கு சேவைகளைச் சேர்த்து விலை காட்டுகிறது. அதெல்லாம் வேண்டுமா?

---

செக்காலை நிரலர் எழுதியது:

டொமைன் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். மின்னஞ்சல் பெட்டி, தளம் கட்டும் கருவி எல்லாம் தானாகவே டிக் ஆகியிருக்கும். பதிவில் தொலைபேசி எண்ணை இப்போதே உங்களுடையதாக மாற்றுங்கள், பணம் கட்டுவதற்கு முன்னாலேயே. மாற்றும்போது பழைய எண்ணுக்கு ஓடிபி கேட்டால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.